கழற்றியபடியே மாட்டிய கிளட்ச்

கடைசி போல்ட் கழன்றதும் மினி டிராக்டர் இரண்டு துண்டாகி உருண்டது. இன்ஜின் உள்ள முன்பாதி, முட்டுக்கொடுத்திருந்த தள்ளுவண்டியோடு போய் அண்ணன் ஐயம்பெருமாள் வீட்டுச் சுவரில் மோதியது. பெரிய சக்கரங்களும் சீட்டும் உள்ள பின்பாதி எதிரே தம்பி நம்பிராசன் வீட்டு வாசலில் போய் நின்றது. சீட்டின் மேல் ஒரு கருங்கல் கம்பீரமாக உட்கார்ந்திருந்தது.

“உருளாம இருக்கக் கல் வைங்கன்னு பாய் சொன்னாரு. வச்சோம். அப்புறமும் உருளுதே,” என்றார் ஐயம்பெருமாள்.

“கல்லு சின்னது அண்ணே,” என்றார் நம்பிராசன்.

மெக்கானிக் ஜமால் பாய் மகளின் நிச்சயதார்த்தத்துக்கு வெளியூர் போயிருந்தார். வண்டி கத்துகிறதே தவிர நகரவில்லை என்று கேட்டதும், கிளட்ச் பிளேட் தேய்ந்துவிட்டது என்று கண்டுபிடித்து, கடையில் சொல்லிப் புதுசு கொடுக்கவைத்து, வண்டியை நடுவில் பிரித்து அதை மாட்டும் விதத்தைப் போனில் சொல்லிக்கொண்டிருந்தார்.

அவசரம் அக்கா செல்லக்கனிக்குத்தான். அவள் வயலுக்கு வாய்க்கால் தண்ணீர் அன்று பொழுது சாயும்வரைதான். அதற்குள் உழுது சேறாக்கவில்லையென்றால் தண்ணீர் அடுத்த வயலுக்குப் போய்விடும். நாற்றங்காலில் முற்றி நிற்கும் நாற்று மாட்டுக்குப் போகும்.

டிராக்டர் அண்ணன் தம்பி இருவருக்கும் பொது. இப்போது பாதி ஒருவர் வாசலில், பாதி மற்றவர் வாசலில்.

“சரி, அதுவாவே பங்கு போட்டுக்கிட்டுது. எனக்கு இன்ஜின் போதும்,” என்றார் ஐயம்பெருமாள்.

“எங்க உக்காந்து ஓட்டுவ? சீட்டு எங்கிட்டல்லா இருக்கு.”

“நீ உக்காந்துக்கிடுவ. எதை ஓட்டுவ?”

செல்லக்கனியின் புருஷன் கொம்பையா பொதுவான ஆள். கண்ணை மூடி யோசித்தார். “சண்டை வேண்டாம் மாப்ள. ஒரு நாள் இன்ஜின் ஓடட்டும். மறுநாள் சக்கரம் ஓடட்டும்.”

இதைவிட நியாயமாக யாரும் சொல்ல முடியாது என்று இருவரும் ஒத்துக்கொண்டார்கள். மூவரும் வெற்றிலை போட உட்கார்ந்தபோது மண்வெட்டியோடு செல்லக்கனி வந்தாள்.

“ஏலே, எனக்கு ரெண்டும் ஒரே நாள்ல வேணும். அதுவும் இன்னைக்கே வேணும். ஒட்டித் தொலைங்கல!”

மறுபடி பாய்க்குப் போன் போட்டார்கள். அங்கே பிரியாணி பரிமாறும் சத்தம். பாய் அவசரமாக இரண்டு விஷயம் சொன்னார். “புது பிளேட்டுல எண்ணெய்க் கை படவே கூடாது. கழட்டும்போது எப்படி இருந்ததோ அச்சு அசல் அப்படியே மாட்டணும். ஒண்ணு மாறினாலும் வண்டி நகராது.” போன் அணைந்துவிட்டது.

மூவரும் கைகளைப் பார்த்தார்கள். ஆறு கையிலும் கிரீஸ். சோப்புப் போட்டுத் தேய்த்தார்கள். கொம்பையா யோசனையில் தலையைச் சொறிந்தார்; தலையில் தேங்காய் எண்ணெய். மறுபடி தேய்த்தார்கள்.

“கழுவ வேண்டாம் அத்தான்,” என்றார் நம்பிராசன். “நாம கழட்டும்போது உள்ள எது இருந்தது?”

“பழைய பிளேட்டு.”

“புதுசைப் போட்டா அப்படியே மாட்டினதா ஆகுமா?”

ஐயம்பெருமாளுக்கு உடம்பு சிலிர்த்தது. “நல்லவேளை, மாத்திப்புட இருந்தோமே!”

பழைய பிளேட் உள்ளே போனது. துடைத்தெறிந்த சேற்றைத் தேடி எடுத்து அதே இடத்தில் அப்பினார்கள். உள்ளே இருந்த குளவிக் கூட்டையும் கொம்பையா நூல் போட்டுக் கட்டினார். புது பிளேட்டை யார் கையும் படாமல், பெட்டியோடு அரிசிப் பானைக்குள் வைத்து மூடினார்கள்.

இரண்டு பாதியையும் சேர்த்து, வயலுக்குத் தள்ளிக்கொண்டு போய் ஸ்டார்ட் செய்தார்கள். வண்டி கத்தியது. நகரவில்லை.

“கழட்டும்போதும் இதே மாதிரிதானே கத்திச்சு?” என்றார் ஐயம்பெருமாள்.

“இதே சத்தம் அண்ணே. ஒரு இம்மி மாறல.”

இருவரும் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். முதல் தடவையிலேயே இவ்வளவு சரியாக வேலை அமையும் என்று அவர்களே நினைக்கவில்லை.

வெயில் மேற்கே இறங்கிக்கொண்டிருந்தது. செல்லக்கனி வண்டியைப் பார்த்தாள், தண்ணீரைப் பார்த்தாள், தம்பிமாரைப் பார்த்தாள். பிறகு நாற்றுப் பறித்துக்கொண்டிருந்த பெண்களைப் பார்த்துக் கத்தினாள். “எல்லாரும் வாங்கட்டி! இதைத் தள்ளியாவது உழுவோம்!”

ஐயம்பெருமாளும் கொம்பையாவும் பத்துப் பன்னிரண்டு பெண்களும் முழங்கால் தண்ணீரில் இறங்கித் தள்ளினார்கள். நம்பிராசன் மட்டும் சீட்டில் இருந்தார். ஓட்டுவதற்கு ஆள் வேண்டுமே. தள்ளுகிறவர்களுக்கு இன்ஜின் சத்தம் இடைஞ்சலாக இருந்ததால் அதை அணைத்துவிட்டார்.

“கனியக்கா, உங்க டிராக்டர் புல்லு திங்குமா?” என்றாள் ஒருத்தி. சிரிப்பில் இன்னொருத்தி சேற்றில் உட்கார்ந்தாள்.

அந்தக் கோடிக்கும் இந்தக் கோடிக்கும் தள்ளித் தள்ளி, அத்தனை கால்களும் மிதித்து மிதித்து, தண்ணீர் அடைபடும்போது வயல் தயிராகக் குழைந்திருந்தது. செல்லக்கனி கையை விட்டுப் பார்த்தாள். முழங்கைவரை இறங்கியது. மறுநாள் நடலாம்.

“என்னமா உழுதுருக்கு பாரு!” என்றார் ஐயம்பெருமாள், இடுப்பைப் பிடித்துக்கொண்டு. “இன்னும் அந்த மூலைதான் பாக்கி. தள்ளுங்கம்மா.”

தள்ளினார்கள். வரப்பு வந்தது. வண்டியைத் திருப்ப வேண்டிய இடத்தில் நம்பிராசன், இன்ஜின் ஓடாவிட்டாலும், கிளட்சை முழுசாக மிதித்து, கியரை மாற்றி, மெதுவாகக் காலை எடுத்தார்.