சொந்தக் காலில் நிற்காத ரயில்

முன்னொரு காலத்தில், ஊருக்கு ஊர் ராஜா இருந்து, அவரவர் ராஜ்யத்தில் அவரவரே ரயில் விட்டுக்கொண்டிருந்த நாட்களில், மகுடேசுவர பூபதி என்றொரு ராஜா இருந்தார். நல்ல மனிதர். மத்தியானம் சாப்பிட்டுவிட்டுப் படுத்தால் மட்டும் அவரை யாரும் எழுப்பக் கூடாது.

அவர் அப்பா போட்ட தண்டவாளம் ஒன்று தலைநகரத்திலிருந்து கடலோரத்து உப்பங்குடி வரை போனது. நான்கு பெட்டி கோத்த பாசஞ்சர் வண்டி காலையில் தலைநகரம் வந்து, மத்தியானம் திரும்பிப் போகும். மீன் விற்கிறவர்கள், ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்கள், அரண்மனைக் குமாஸ்தாக்கள் எல்லோருக்கும் அதை விட்டால் வேறு வழியில்லை. சபையின் விகடகவி பொன்னுரங்கமும் உப்பங்குடிக்காரன்தான். தினமும் அதே வண்டியில் வந்து ராஜாவைச் சிரிக்க வைத்துவிட்டு அதே வண்டியில் வீடு திரும்புவான்.

சபையில் மேலைக் கட்சி, கீழைக் கட்சி என்று இரண்டு இருந்தன. ரயில் கிழக்கே போனதால் கீழைக் கட்சி அதைத் தாங்கிப் பேசும். அந்த ஒரே காரணத்துக்காக மேலைக் கட்சிக்கு அது ஆகாது. தண்டவாளம் மேற்கே திரும்பியிருந்தால் இருவரும் பேச்சை மாற்றிக்கொண்டிருப்பார்கள். இரண்டு கட்சியிலும் அந்த வண்டியில் ஏறியவர் ஒருவரும் இல்லை.

மேலைக் கட்சியின் தலைவர் கனகசபாபதி, கஜானா அமைச்சர். ராஜா தன் யோசனைகளைக் கேட்டுக் கொட்டாவி விடுவதும், பொன்னுரங்கம் வாயைத் திறந்ததும் நிமிர்ந்து உட்காருவதும் அவருக்குப் பல வருஷத்து எரிச்சல். ஒரு நாள் மத்தியானம் வண்டி ஊதிய ஊதலில் ராஜாவின் தூக்கம் கலைந்தது. அமைச்சர் அதற்காகவே காத்திருந்தவர்போல எதிரே வந்து நின்றார். இந்த வண்டி கஜானாவின் கையைப் பிடித்துக்கொண்டே நடக்கிறது, இனி அது சொந்தக் காலில் நிற்கட்டும் என்றார். தூக்கக் கலக்கத்தில் ராஜாவும் சரி என்று சொல்லிவிட்டார்.

ரயில் என்று பேர் போட்டு எழுதினால் கீழைக் கட்சி சண்டைக்கு வரும். ஆகவே மறுநாள் காலை அமைச்சர் பொதுப்படையாக ஓர் ஓலை எழுதினார்: “வெள்ளிக்கிழமை முதல், ஆட்களை ஏற்றிச் செல்லும் வாகனம் எதுவானாலும் சொந்தக் காலில் நிற்க வேண்டும். நிற்காத வாகனம் அரண்மனைச் செலவில் ஓடக் கூடாது.” அதை நிறைவேற்றும் பொறுப்பைப் பொன்னுரங்கத்திடமே கொடுக்கச் சொன்னார். ஊரார் ஏசினால் அவனை ஏசட்டும் என்பது அவர் கணக்கு.

பொன்னுரங்கம் ஓலையை இரண்டு தடவை படித்தான்.

“எழுதியிருக்கிறபடியே செய்யலாமா, மகாராஜா?”

“எழுத்துக்கு எழுத்து அப்படியே செய்” என்றார் ராஜா.

அன்று வண்டியில் திரும்பும்போது எதிர்ப் பலகையில் மீன்காரி முத்துராக்கு, கண்ணில் புரை விழுந்த புருஷனோடு உட்கார்ந்திருந்தாள். சேதி அதற்குள் அவள் காதுக்கு வந்திருந்தது.

“அண்ணே, வண்டி நின்னுபோகுமாமே? சனிக்கிழமைதான் இவருக்குக் கண்ணை அறுக்க நாள் சொல்லியிருக்காங்க. இவரை நடத்திக் கூட்டிட்டுப் போனா ரெண்டு நாளாகுமே.”

பொன்னுரங்கத்துக்கு ஒரு விகடமும் வரவில்லை. “சனிக்கிழமை வண்டி வரும், தாயி” என்று மட்டும் சொன்னான்.

வியாழனன்றே தலைநகரம் வந்து தங்கிக்கொண்டான். வெள்ளிக்கிழமை ரயிலை நிறுத்தச் சொல்லி, அன்றைய மத்தியான வண்டியிலேயே உப்பங்குடிக்கு ஆள் அனுப்பினான். வெள்ளி காலையில் இரண்டு காவலர்களோடு அமைச்சர்களின் வீதிக்குப் போனான். கனகசபாபதியின் பல்லக்கைத் தூக்கியவர்களிடம் தோளை விலக்கச் சொன்னான். பல்லக்கு தரையில் உட்கார்ந்துவிட்டது. இது நின்றதெல்லாம் உங்கள் காலில்தான் என்று சொல்லி அவர்களை வீட்டுக்கு அனுப்பினான். கோச்சு வண்டிகளுக்கு இருப்பது சக்கரம், காலில்லை என்று குதிரைகளை அவிழ்த்துவிட்டான். இந்தக் கட்சி அந்தக் கட்சி என்று பார்க்கவில்லை.

கோயிலுக்குப் புறப்பட்ட ராஜாவின் ரதத்தையும் மறித்து, கை கட்டி நின்றான். ராஜாவின் முகம் சிவந்தது. பொன்னுரங்கம் பட்டத்து யானையைக் கொண்டுவரச் சொன்னான்.

“இதற்கு மட்டும் சொந்தக் கால் நான்கு இருக்கிறது, மகாராஜா. ஓலைப்படி இதற்குத் தடையில்லை.”

ராஜா யானைமேல் ஏறினார். போகும் வழியெல்லாம் பட்டு அங்கவஸ்திரத்தால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அமைச்சர்கள் நடந்துகொண்டிருந்தார்கள். மேலைக் கட்சிக்காரர் ஒருவர் கீழைக் கட்சிக்காரரின் தோளைப் பிடித்துக்கொண்டு நொண்டினார். ராஜா அப்படி ஒரு காட்சியைப் பார்த்ததே இல்லை.

அன்று சபை கூட உச்சிப்பொழுது ஆயிற்று. மனுக்களைப் படிக்க ஆளில்லை. குமாஸ்தாக்கள் எல்லோரும் உப்பங்குடியில் மாட்டிக்கொண்டார்கள். மனுக் கொடுக்க வருகிறவர்களும் வரவில்லை. இரண்டு கட்சியும் முதல் தடவையாக ஒன்றுசேர்ந்து முறையிட்டன.

கனகசபாபதிதான் பேசினார். “மகாராஜா, அமைச்சனின் பல்லக்கு சம்பாதிப்பதற்காக ஏற்பட்டதன்று. ராஜ்யத்தின் வேலை நடப்பதற்காக ஏற்பட்டது. அதைச் சொந்தக் காலில் நில் என்றால் எப்படி நிற்கும்?”

பொன்னுரங்கம் பணிவாகக் கேட்டான். “அமைச்சர் பெருமானே, பல்லக்கில் ஏறுகிறவர் ஒருவர். ரயிலில் ஏறுகிறவர்கள் முந்நூறு பேர். இன்று அவர்கள் வரவில்லை. ராஜ்யத்தின் எந்த வேலை நடந்தது என்று சொல்லுங்கள்.”

ராஜா காலியாகக் கிடந்த குமாஸ்தாக்களின் பலகைகளை ஒரு முறை பார்த்தார். அமைச்சரையே அருகில் அழைத்து, அந்த ஓலையை அவர் கையாலேயே கிழிக்கச் சொன்னார். பாசஞ்சர் வண்டி அரண்மனைச் செலவிலேயே ஓடும் என்றும், எந்தக் கட்சி கஜானாவைக் கவனித்தாலும் அந்த வண்டியைத் தொடக் கூடாது என்றும் புது ஓலை எழுதி, குதிரைவீரன் ஒருவனிடம் உப்பங்குடிக்குக் கொடுத்தனுப்பினார்.

சனிக்கிழமை காலை உப்பங்குடியிலிருந்து வண்டி வந்தது. முத்துராக்கு புருஷனைக் கைப்பிடித்து இறக்கி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள். அதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் பொன்னுரங்கம் காப்பி குடித்தான்.

மத்தியானம் ராஜா ஸ்டேஷனுக்கு வந்தபோது, இரண்டு கட்சியும் மாலையோடு அங்கே நின்றன. ரயிலைக் காப்பாற்றியது நாங்கள்தான் என்றது கீழைக் கட்சி. ஓலையைக் கிழித்தது எங்கள் தலைவர் கைதானே என்றது மேலைக் கட்சி. பச்சைக் கொடியின் ஒரு முனையை ஒருவரும் மறுமுனையை ஒருவரும் பிடித்து இழுத்தார்கள். டிரைவர் கடிகாரத்தைப் பார்த்தார். நேரமாகிவிட்டது. யாருடைய கொடிக்கும் காத்திராமல் வண்டியை நகர்த்தினார்.

ராஜா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சிரித்து முடித்துத் திரும்பினால், பொன்னுரங்கம் ஏற்கெனவே வண்டிக்குள் இருந்தான். “நில்லப்பா, உன் பரிசு” என்று ராஜா கழுத்து முத்துமாலையைக் கழற்றிக்கொண்டு, பெட்டியின் கூடவே ஓடினார். ஜன்னலுக்கு வெளியே நீட்டிய கையில் அதைப் போட்டுவிட்டுத்தான் நின்றார்.