தீயில் காய்ந்த காந்தம்

1846ஆம் ஆண்டு, பங்குனி மூன்றாம் தேதி, காலை ஏழு மணி. ஹக்கீமின் வைத்தியசாலை வாசலில் பதினோரு நோயாளிகள். கடைசி ஆள் அங்கமுத்து ஆசாரி, பரங்கிப்பேட்டை இரும்பாலையில் கொல்லர். இரும்புப் பாளம் விழுந்து வலது கால் நசுங்கியிருந்தது. முழங்காலுக்குக் கீழே அழுகிவிட்டது. அன்று அதை அறுக்க வேண்டும்.

உள்ளே, ஹக்கீம் செய்யது மஸ்தானிடம் அவருடைய சீடர் தாவீது சொன்னார்:

"நான் இந்த வேலைக்கு லாயக்கில்லை, ஹக்கீம்."

தாவீதுக்கு ஐம்பத்து நாலு வயது. பட்டாளத்தில் காயம் கட்டிய டிரெஸ்ஸர். தன்னைவிடப் பதினைந்து வயது இளையவரான ஹக்கீமிடம் மூன்று வருஷமாகக் கற்றுவந்தார்.

ஹக்கீமின் கொள்கை எளியது. வெள்ளாற்று முகத்துவாரத்தில் கடல் ஏறி வற்றுவதுபோல உடம்புக்குள்ளும் ஒன்று ஏறி வற்றுகிறது. அது தேங்கினால் நோய். காந்தத் தண்டைத் தலையிலிருந்து கால்வரை மெல்ல இறக்கினால் தேக்கம் உடையும். ஆள் தூங்கிப்போவான். அந்தத் தூக்கத்தில் கத்தி பட்டாலும் தெரியாது.

மற்ற வைத்தியர்கள் சிரித்தார்கள். அவர்களுடைய நோயாளிகள் அலறினார்கள்.

"என்ன ஆச்சு?" என்றார் ஹக்கீம்.

"என் தண்டு துருப்பிடிச்சிருந்தது. அடுப்பில செவக்கக் காய்ச்சி, மணல் போட்டுத் தேய்ச்சேன். காந்தம் போயிடுச்சு. ஊசிகூட ஒட்டல."

"எப்ப?"

"தை மாசம்."

"இந்த ரெண்டு மாசம் எதை வச்சுத் தூங்கவச்சீங்க?"

"அதையேதான்." தாவீது தரையைப் பார்த்தார். "சொல்ல வெட்கமா இருந்தது. நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம்னு ஓட்டிட்டேன். கட்டு மாத்தறதுக்கு ஆசாரியை நாலு தடவை தூங்கவச்சதும் அதாலதான்."

"தூங்கினாரா?"

"குறட்டை விட்டார்."

ஹக்கீம் தன் காந்தத்தை எடுத்து ஊசிப் பெட்டியின்மேல் காட்டினார். ஏழெட்டு ஊசிகள் தாவி ஒட்டின.

"பத்துப் பேருக்கு நான் வச்சா எத்தனை பேர் தூங்கறாங்க?"

"எட்டுப் பேர்."

"நீங்க வச்சா? தைக்கு அப்புறம்?"

தாவீது விரல்விட்டு எண்ணினார்.

"எட்டுப் பேர்."

ஹக்கீம் ஊசிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பெட்டியில் போட்டார். காந்தத்தைத் துணியில் சுற்றினார். அதை எங்கே வைப்பது என்று தெரியாதவர்போலச் சற்று நேரம் நின்றார். காந்தத்தைப் பற்றிப் பன்னிரண்டு வருஷமாக அவர் ஒரு நூல் எழுதிவந்தார்.

"ஆசாரியை நீங்களே தூங்கவைங்க."

"அப்ப உங்க காந்தத்தைக் கொடுங்க."

"இல்லை. உங்களுதையே எடுத்துக்கங்க. முதல்ல அவர்கிட்ட விஷயத்தைச் சொல்லிடுங்க."

"சொன்னா அவர் தூங்கமாட்டார், ஹக்கீம். முழிச்சிருக்கிறவர் காலை அறுக்கணும். தப்பு என்னுது. அவர் எதுக்கு அலறணும்?"

ஹக்கீம் கதவைத் திறந்தார்.

"ஆசாரியைத் தூக்கிட்டு வாங்க."

நான்கு பேர் தூக்கிவந்து கட்டிலில் கிடத்திவிட்டுப் போனார்கள். தாவீது தண்டை இரண்டு கையாலும் நீட்டினார்.

"ஆசாரி, இது காந்தம் இல்லை."

"தெரியுமே."

"என்ன தெரியும்?"

"முதல் நாளே பார்த்தேன். செவந்து ஆறின கறுப்பு. அதில காந்தம் எப்படி நிக்கும்? முப்பது வருஷமா இரும்பு அடிக்கிறவன்கிட்டயா?"

"பின்ன எப்படித் தூங்கினீங்க?"

ஆசாரி ஹக்கீமைப் பார்த்தார். சொல்லலாமா என்று தயங்கினார்.

"டிரெஸ்ஸர் அய்யாவுக்குக் கை நடுங்கிச்சு. திருடி மாட்டிக்கிட்டவர் மாதிரி முகம். நான் பார்த்துக்கிட்டே இருந்தா அவருக்கு இன்னும் சங்கடமா இருக்குமேன்னு கண்ணை மூடிக்கிட்டேன். அதுக்கப்புறம் ஒண்ணும் தெரியல."

ஹக்கீம் தலையைக் குனிந்துகொண்டார்.

"இப்பவும் நடுங்குது," என்றார் ஆசாரி. கண்ணை மூடிக்கொண்டார்.

எட்டே முக்காலுக்குக் காலை அறுத்துக் கட்டி முடித்தார்கள். ஒன்பதரைக்கு ஆசாரி விழித்தார்.

"இன்னும் ஆரம்பிக்கலையா?"

1848ஆம் ஆண்டு மார்ச் ஆறாம் தேதி, ஊருக்கு முதல் மயக்க மருந்து, ஒரு குளோரோஃபார்ம் பாட்டில், வந்தது. அதே வாரம் ஹக்கீம் தன் காந்தத்தை ஆசாரியின் பட்டறைக்குக் கொடுத்தனுப்பினார். ஆசாரி அதைச் செவக்கக் காய்ச்சி, ஒரு கதவுக்குத் தாழ்ப்பாளாக அடித்தார்.