டிரைவர் எங்க?

திருப்புதல் தேர்வில் கட்டுரைக்கு சைபர்.

சுடலைமணி தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். ஒரு கமாகூட இடம் மாறவில்லை. ‘நீ பார்த்த ஒரு விபத்து’ பற்றி இங்கிலீஷில் எழுதச் சொன்னார்கள். கைடில் இருந்ததை அப்படியே இறக்கி வைத்திருந்தான். வகுப்பில் எல்லோருக்கும் அதே கைடுதான், அதே விபத்துதான்.

ஆனால் பக்கத்து பெஞ்சு அந்தோணிக்கு மார்க் விழுந்திருந்தது. பாதியில் மறந்துபோய், அடிபட்ட பெரியவருக்கு டீயும் பன்னும் வாங்கிக் கொடுத்ததாக அவனாகவே எழுதியிருந்தான். அதுவும் தப்புத் தப்பாக.

இதில் ஏதோ இருக்கிறது. அந்தோணி, தாள் திருத்திய ரெஜினா டீச்சர் வீட்டுக்கு டியூஷன் போகிறவன். மணி போகாதவன்.

பத்தாம் வகுப்புப் பரீட்சை பக்கத்தில் வந்துவிட்டது. இங்கிலீஷ் போனால் பாலிடெக்னிக் போச்சு. அப்புறம் அப்பா ஓட்டும் லாரியில் கிளீனராக ஏறவேண்டியதுதான் என்று வீட்டில் பேசி முடித்திருந்தார்கள்.

நேரே ஸ்டாஃப் ரூமுக்குப் போனான்.

“டியூஷன் வரலைன்னுதானே டீச்சர்?”

டீச்சர் கோபப்படவில்லை. அதுவே அவனுக்குச் சந்தேகமாக இருந்தது.

தாளை வாங்கிப் படித்தார்.

“லாரி மோதிட்டு, சரி. டிரைவர் எங்க?”

“ஓடிட்டான் டீச்சர்.”

“நீ பாத்தியா?”

“கைடுல ஓடுதான்.”

“உங்கப்பா என்ன வேலை பாக்காரு?”

“லாரி ஓட்டுதாரு.”

டீச்சர் தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டு டிபன் டப்பாவைத் திறந்தார். அவ்வளவுதான்.

அவனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அப்பாவைக் குத்திக் காட்டத்தான் கேட்டிருக்கிறார். டியூஷன் காசு போன ஆத்திரம், வேறென்ன. அன்றைக்கு முழுக்க வகுப்பில் அவர் முகத்தையே பார்க்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் வீம்புக்கு எழுதினான்.

லீவில் அப்பாவோடு லாரியில் போனது. கயத்தாறு தாண்டி ஒரு ஆட்டுக்குட்டி குறுக்கே விழுந்து அடிபட்டது. விட்டுருங்கண்ணே, ஆள் கூடுறதுக்குள்ள போயிருவோம் என்று கிளீனர் கத்தினான். அப்பா நிறுத்தி இறங்கினார். குட்டியை மடியில் போட்டுக்கொண்டு உச்சி வெயிலில் ரோட்டோரம் உட்கார்ந்தார். ஆட்டுக்காரர் வந்ததும் எழுந்து நின்றார். அவர் அறைந்தார். அப்பா வாங்கிக்கொண்டார்.

அறைந்தார் என்பதற்கு இங்கிலீஷ் தெரியவில்லை. கை, முகம், சத்தம் என்று வரிசையாக எழுதி வைத்தான்.

மறுநாள் டீச்சர் அதைப் படித்தார். இன்னொரு தடவை படித்தார். சிவப்புப் பேனாவின் மூடியைத் திறக்கவே இல்லை.

“மார்க் டீச்சர்?”

“பரீட்சைல இதை எழுதிராத. கைடையே எழுது.”

“அதுக்குத்தானே சைபர் போட்டீங்க?”

“நான் போட்டேன். அங்க திருத்துறவங்களுக்கு உன்னையும் தெரியாது, உங்கப்பாவையும் தெரியாது. தப்பு மட்டுந்தான் கண்ணுக்குத் தெரியும். நீ பாஸாகணும்ல?”

மணிக்கு ஒன்றும் பிடிபடவில்லை. எதிலோ மாட்டிவிடப் பார்க்கிறாரா? முகத்தை உற்றுப் பார்த்தான். அதில் ஒன்றும் கிடைக்கவில்லை.

“சரி டீச்சர்” என்றான்.

பரீட்சையில் அதே கேள்வி வந்தது.

கைடு தலைக்குள் வரிவரியாக வந்து நின்றது. கடகடவென்று எழுதினான். லாரி வந்தது. பெரியவர் விழுந்தார். கூட்டம் கூடியது. அடுத்த வரியில் டிரைவர் ஓடவேண்டும்.

பேனா நின்றது.

ஓடவிடச் சொல்லித்தான் டீச்சர் அனுப்பியிருந்தார்.

அவன் விடவில்லை.