பூக்காத தண்டு

"எது தண்ணிக்குள்ள வாழுற செடி, எது வாழாத செடி? எப்படிம்மா கண்டுபிடிக்கிறது?"

கேட்டவர் அருமைநாயகம். வயது அறுபத்துமூன்று. பாளையங்கோட்டையில் ஒரு கல்லூரியில் முப்பத்தோரு வருடம் தாவரவியல் நடத்தி ஓய்வு பெற்றவர்.

கேட்கப்பட்டவர் சபுரா. வயது முப்பத்துநான்கு. செங்குன்றத்துக்குப் பக்கத்தில் சிமெண்டுத் தொட்டிகள் கட்டி, வீட்டுத் தொட்டிகளில் மீன் வளர்ப்பவர்களுக்காகச் செடி வளர்க்கிறார். பத்தாம் வகுப்போடு படிப்பு நின்றது.

சபுரா ஒரு தொட்டியில் குனிந்து நட்டுக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

"எத்தனை மீன் செத்துச்சு சார்?" என்றார்.



"பதினொண்ணு."

மனைவி காலமான பிறகு அவர் சென்னைக்கு மகன் வீட்டுக்கு வந்திருந்தார். ஹாலில் மருமகள் பியூலாவின் மீன் தொட்டி இருந்தது. அதில் வைக்க அவள் ஒருநாள் சிவப்புச் செடி ஒரு கட்டு வாங்கி வந்தாள்.

"இது தண்ணியில நிக்குமா மாமா?"

அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இலையைத் திருப்பிப் பார்த்தார்.

"பொன்னாங்கண்ணி இனம். குளத்தங்கரைச் செடி. தாராளமா நடும்மா."

மூன்று வாரம் செடி சிவப்பு மாறாமல் நின்றது. பிறகு ஒரு கல்யாணத்துக்காக எல்லோரும் ஊருக்குப் போனார்கள். ஆறு நாள் கழித்து வந்து கதவைத் திறந்ததும் நாற்றம். செடி அழுகி, தண்ணீர் கெட்டு, மீன்கள் மிதந்தன.

பியூலா ஒவ்வொன்றாகக் கையில் அள்ளி எடுத்தாள்.

"பரவால்ல மாமா" என்றாள்.

திட்டியிருந்தால் தாங்கியிருப்பார். அந்தப் 'பரவால்ல'வைத்தான் தாங்க முடியவில்லை. தொட்டி அன்றிலிருந்து காலியாகக் கிடந்தது.

அவர் சொன்னதையெல்லாம் சபுரா கேட்டுக்கொண்டார். கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனார். ஐந்து தண்டுகளோடு வந்தார். ஐந்தும் நல்ல சிவப்பு.

"இதுல எதெது தண்ணிச் செடி?"

அருமைநாயகம் ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். நரம்பைப் பார்த்தார். கணுவை எண்ணினார்.

"பூ இருந்தா சொல்லிடுவேன்" என்றார்.

"பூக்காதப்பவும் அது அதுதானே சார்?"

அவர் தண்டுகளைத் திருப்பி நீட்டினார்.

"எடுத்துட்டுப் போங்க. மீன் இல்லாத தண்ணியில போட்டு வைங்க. ஒரு மாசம் கழிச்சு வாங்க."

"நீங்களே சொல்லிடலாமேம்மா?"

"நான் சொன்னா உங்களுக்கு அஞ்சு செடிதான் தெரியும்."

அவர் வீட்டு பால்கனியில் ஒரு கண்ணாடி ஜாடியில் ஐந்தையும் நட்டு வைத்தார். காலையும் மாலையும் போய்ப் பார்த்தார்.

ஐந்தாம் நாள் இரண்டு தண்டுகளில் இலை கண்ணாடி மாதிரி வெளுத்தது. எட்டாம் நாள் கொழகொழவென்று உதிர்ந்தது. பத்தாம் நாள் இரண்டும் மொட்டைக் குச்சி. மற்ற மூன்றும் வாங்கி வந்த அன்று போலவே பளபளத்தன.

அவருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. குச்சி இரண்டையும் பிடுங்கி அடுக்களைக் குப்பைக்கூடையில் போட்டார். ஒரு மாதம் வரை எதற்கு? பன்னிரண்டாம் நாளே மூன்று தண்டுகளை ஈரத்துணியில் சுற்றிக்கொண்டு பஸ் ஏறினார்.

"கண்டுபிடிச்சிட்டேன்" என்று நீட்டினார்.

சபுரா வாங்கிப் பார்த்தார்.

"மத்த ரெண்டு?"

"செத்துப்போச்சு. தூரப் போட்டுட்டேன்."

"தண்டை அமுக்கிப் பார்த்தீங்களா?"

"இலையே இல்லையேம்மா."

சபுரா பக்கத்திலிருந்த கவிழ்த்த வாளிமேல் உட்கார்ந்தார்.

"இந்த மூணும் தரைச் செடி சார். ரெண்டு தோட்டத்து ஓரத்துக்கு வைக்கிறது. இது சிவப்புப் பொன்னாங்கண்ணி, பொரியல் பண்ணலாம். இன்னும் பத்து நாள் போனா அழுகியிருக்கும்."

"பொன்னாங்கண்ணி தண்ணியோரத்துல வளர்றதுதானே?"

"ஓரத்துல நிக்குறது வேற. உள்ள இறங்குறது வேற."

"அப்போ அந்த ரெண்டு?"

"அதுதான் தண்ணிச் செடி. ஆனா நான் தண்ணிக்கு மேல வெச்சு வளர்த்தேன். காத்துக்குன்னு விட்ட இலை தண்ணியில உதவாது. அதான் அதுவே உதிர்த்துடுது. அப்புறம் வேற இலை விடும்."



சபுரா தொடர்ந்தார். குரல் உயரவில்லை. "அதுல ஒண்ணு, போன மழையில சாக்கடைத் தண்ணி ஏறினப்ப நான் காப்பாத்தின ஒரே தண்டு. மூணு மாசம் வெட்டாம வெச்சிருந்தேன். வெட்டாம ஒண்ணு ரெண்டாகாதே. அதான் வெட்டி, நுனிய உங்களுக்குக் கொடுத்தேன். இங்க இருந்த அடித்தண்டு போன வாரம் அழுகிடுச்சு."

"ஏம்மா எங்கிட்ட கொடுத்தீங்க?"

"அத்தனை தூரத்துலேருந்து வந்து கேட்டீங்க. காத்திருப்பீங்கன்னு நினைச்சேன்."

திரும்பும் வழியெல்லாம் அவர் யாரையும் பார்க்கவில்லை. குப்பை வண்டி தினமும் காலையில் வரும். நேற்று முன்தினம் போட்டது. இருந்தும் செருப்பைக் கழற்றியதும் நேரே அடுக்களைக்குப் போய்க் கூடையைக் கிளறினார். வெங்காயத் தோல். தேயிலைச் சக்கை.

"என்ன மாமா தேடுதீங்க?"

பியூலா வாசலில் நின்றாள்.

"ரெண்டு குச்சி."

அவள் ஜன்னலைக் காட்டினாள். பழைய ஊறுகாய் பாட்டிலில் தண்ணீர். அதில் இரண்டு மொட்டைக் குச்சிகள்.

அவர் குனிந்து பார்த்தார். ஒன்றின் நுனியில் அரிசி நுனி அளவு ஏதோ ஒட்டியிருந்தது. கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். இலை. உதிர்ந்த இலை மாதிரி அகலம் இல்லை. மெல்லிசாக, மாதுளை முத்து நிறத்தில் இருந்தது.

"நீயாம்மா எடுத்து வெச்சே?"

"கையில எடுத்தா கெட்டியா இருந்துச்சு மாமா. அப்புறம் எப்படிக் குப்பையில போட?"

அவர் முக்காலியில் உட்கார்ந்தார். 

"பியூலா, அந்த மீனெல்லாம் என்னாலதான் போச்சு. தெரியலன்னு நான் சொல்லியிருக்கணும்."

அவள் 'பரவால்ல' சொல்லவில்லை. அடுப்பைச் சின்னதாக்கினாள்.

"அதுல ஒண்ணு நான் கல்யாணமாகி வந்த வருசம் வாங்கினது மாமா. ரொம்ப நாள் எனக்கு இந்த ஊர்ல பேச ஆளில்ல. அதுகூடத்தான் பேசுவேன்."

"பேரு வெச்சிருந்தியா?"

"சீனி."

அவள் அழுதாள். அவர் எழுந்து போகவில்லை. அன்றைக்குச் சோறு குழைந்துபோனது. அதை இருவரும் சேர்ந்து சாப்பிட்டார்கள்.

மறுநாள் பியூலா மீன் தொட்டியைக் கழுவித் தண்ணீர் நிரப்பி, குச்சி இரண்டையும் நட்டாள். இரண்டு மாதத்தில் முதலில் துளிர்த்த தண்டு ஒரு சாண் உயர்ந்தது. நடுவில் வெட்டி நுனியைப் பக்கத்தில் நட்டாள். வெட்டிய அடியிலிருந்து இரண்டு கிளை பிரிந்தது. அது வளர, மறுபடி வெட்டினாள்.

நான்கு தண்டுகளை ஈரக் காகிதத்தில் சுற்றிக்கொண்டு அருமைநாயகம் செங்குன்றம் போனார்.

சபுரா காகிதத்தைப் பிரித்தார். ஒவ்வொரு தண்டையும் விரலால் மெதுவாக அமுக்கினார். அடித்தண்டு அழுகிய பின் காலியாகக் கிடந்த சின்னத் தொட்டியில் நட்டார். கொஞ்ச நேரம் அந்தப் பக்கமே திரும்பி நின்றார்.

அருமைநாயகம் பையிலிருந்து நோட்டை எடுத்தார். ஒரு பக்கம் நிறையக் கேள்விகள்.

"மேல இலை நல்லா சிவக்குது. கீழ் இலை பச்சையாவே நிக்குது. அது ஏம்மா?"

"குப்பையிலேருந்து எடுத்தது யாரு சார்?"

"மருமக."

"வெட்டினது?"

"அவதான்."

"நட்டது?"

"அவதான். நான் பக்கத்துல நின்னேன்."

"இந்தக் கேள்விய அவங்ககிட்ட கேட்டீங்களா?"

"இல்ல."

சபுரா நோட்டை வாங்கி மூடினார். திரும்ப அவர் கையிலேயே வைத்தார்.

"அப்புறம் கேள்விய இங்க எதுக்கு சார் கொண்டு வந்தீங்க?"