செங்கமலம் ஜெராக்ஸ் எடுக்கப் போன நேரம்

2019 ஜூன் 3, காலை பத்தரை மணி. மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் நாற்பத்தொரு பேர் காத்திருந்தார்கள். முதல் ஆள் செங்கமலம். சக்கர நாற்காலியில் இருந்த மகன் இளவழுதிக்குக் கழுத்து நிற்காது. அவன் தலையை ஒரு கையால் தாங்கியபடியே உள்ளே போனாள்.

மகனுக்கு உதவித்தொகை வருகிறது. இரவு பகலாக உடனிருந்து கவனிப்பவருக்கும் தனியாக ஒரு தொகை உண்டு. அவனுக்காக வேலையை விட்டவள் அவள். அந்தத் தொகை வந்தால்தான் வீட்டில் உலை கொதிக்கும். அதற்கு, மகனுக்கு முழுநேர ஆள் தேவை என்று அதிகாரி எழுதித் தர வேண்டும்.

அதிகாரி வைத்திலிங்கம் ஒரு பார்வை பார்த்தார்.

"பையன் ஜம்முனு உட்கார்ந்திருக்கான். இவனுக்கு எதுக்கும்மா முழுநேர ஆள்? எழுதித் தர முடியாது. ரேஷன் கார்டு ஜெராக்ஸ் வேற இல்லை. போய் எடுத்துட்டு வா."

யாரையும் ஜெராக்ஸ் கடைக்கு அனுப்பாமல் விட்டதில்லை அந்த அலுவலகம்.

"இதோ போறேன் சார். தலையை மட்டும் பிடிச்சுக்குங்க." அவர் கையை எடுத்து மகனின் தாடைக்கடியில் வைத்துவிட்டு நடந்தாள்.

கடையில் கரண்ட் இல்லை. அவள் அங்கே காத்திருக்க, இங்கே அதிகாரி கையை எடுத்தார், தலை சரிந்தது. பதறிப் பிடித்தார். இளவழுதி தண்ணீர் பாட்டிலைக் கண்ணால் காட்டினான். குடித்ததும், மூக்கு அரிக்கிறது என்று காட்டினான். போன் அடித்தது, எடுக்கக் கை இல்லை. வாசலில் நின்று பார்த்த வரிசை சிரித்தது. எல்லோரையும்விட அதிகமாகச் சிரித்தவன் இளவழுதி.

செங்கமலம் திரும்பியபோது அதிகாரியின் சட்டை நனைந்திருந்தது.

"எங்கம்மா போயிட்டே? ஒரு நிமிஷம் இவனை விட்டு நகர முடியலை."

"அதைத்தான் சார் எழுதித் தரச் சொல்றேன்."

எழுதித் தந்தார்.

ஜூலை 8 அன்று அந்த அலுவலகத்துக்குள்ளேயே ஒரு ஜெராக்ஸ் இயந்திரம் வைக்கப்பட்டது.