கயிற்றில் வந்த பதில்

ஏகாம்பரம் நெல் மண்டியை மகனிடம் விட்டுவிட்டு மலைக்கு வந்தபோது அவருக்கு அறுபது வயது. அவர் குருவாக ஏற்றுக்கொண்ட பூதியம்மைக்கு நாற்பதுகூட ஆகவில்லை. அவர் குருவை அம்மா என்பார். அம்மை அவரை ஐயா என்பார்.

ஆசிரமம் காட்டாற்றின் இக்கரையில் இருந்தது. அக்கரையில், தியானம் செய்ய ஒரு குகை. இரு கரை மரங்களுக்கும் நடுவே தடித்த தேங்காய்நார்க் கயிற்றை இழுத்துக் கட்டியிருந்தார்கள். அதைப் பிடித்துக்கொண்டுதான் ஆற்றைக் கடப்பது.

ஐப்பசியில் ஒருநாள் காலை, அம்மை குகைக்குப் போன கொஞ்ச நேரத்தில் மலைமேல் மழை கொட்டி, வெள்ளம் வந்துவிட்டது. கூடவே அக்கரையில் பாறை சரிகிற சத்தமும் கேட்டது.

ஏகாம்பரம் கரைக்கு ஓடி வந்து கூப்பிட்டார். ஆற்றின் இரைச்சலில் அவர் குரல் அவருக்கே கேட்கவில்லை. பந்தம் கொளுத்தி உயர்த்திக் காட்டினார். மூடுபனி அந்த வெளிச்சத்தைப் பத்தடி தாண்ட விடவில்லை. மிச்சம் இருந்தது கயிறுதான்.

கயிற்றைப் பிடித்து ஓங்கி உதறினார். பூனை முதுகைத் தூக்குவதுபோல் அதில் ஒரு மேடு எழுந்தது. கயிறு இருந்த இடத்திலேயே இருக்க, மேடு மட்டும் ஓடிப் பனிக்குள் மறைந்தது. சற்றைக்கெல்லாம் பனிக்குள்ளிருந்து ஓர் அசைவு வந்து அவர் கையில் மோதியது.

அவருக்குப் போன உயிர் திரும்பியது. மறுபடி உதறினார். மறுபடி வந்தது. அடுத்தடுத்து இரண்டு முறை உதறினார், இரண்டு வந்தன. மெல்ல உதறினால் மெல்ல வந்தது.

அப்புறம்தான் கவனித்தார். மேடாகப் போனது பள்ளமாகத் திரும்பிக்கொண்டிருந்தது. போய்வர ஆகும் நேரமும் ஒவ்வொரு தடவையும் ஒன்றாகவே இருந்தது. மனுஷர் யாரும் அப்படிப் பதில் சொல்ல மாட்டார்கள். அது மரம். அவர் அனுப்பியதுதான் கட்டிய இடத்தில் மோதி, தலைகீழாக அவரிடமே வந்துகொண்டிருந்தது.

தெரிந்தும் நிறுத்த மனம் வரவில்லை. தோள் இற்றுப்போகும்வரை உதறினார். பிறகு, கயிற்றின்மேல் கையை வைத்தபடி மரத்தடியில் சரிந்து உட்கார்ந்தார்.

கயிறு ஆடி அடங்கியது.

அப்போது உள்ளங்கையில் ஏதோ உறைத்தது. மேலும் கீழுமான ஆட்டம் இல்லை இது. வேட்டி நுனியைக் குழந்தை பிடித்து இழுப்பதுபோல், கயிறு நீளவாக்கில் சுண்டியது. நின்றது. மறுபடி சுண்டியது. அவர் ஒன்றுமே செய்யவில்லை.

அவரும் ஒரு தடவை இழுத்தார். பதிலுக்குக் கயிறு மூன்று முறை சுண்டியது.

ஏகாம்பரம் சிரித்தார். கண்ணீர் தாடியில் இறங்கியதை அவர் துடைக்கவில்லை.

சாயங்காலம் வெள்ளம் வடிந்ததும் அவரே இடுப்பளவு நீரில் இறங்கிப் போய் அம்மையை அழைத்துவந்தார். பாறை உரசியதில் அம்மையின் வலது கை வீங்கியிருந்தது. வேறு அடி எதுவும் இல்லை. கையில் பச்சிலை வைத்துக் கட்டிவிட்டு, சூடாகக் கஞ்சி காய்ச்சிக் கொடுத்தார். அடுப்பின் வெதுவெதுப்பில், நாள் முழுக்க இறுகிக் கிடந்த அவர் நெஞ்சு இளகியது.

"அம்மா, ஒன்று கேட்கலாமா?"

"கேளுங்கள், ஐயா."

"தினமும் கண்ணை மூடி உட்கார்ந்து கடவுளைக் கூப்பிடுகிறேன். சில நாள் பதில் வருவதுபோல் இருக்கும். நான் அனுப்பியதே மரத்தில் முட்டித் திரும்புகிறதோ என்று இன்றைக்குச் சந்தேகம் வந்துவிட்டது."

அம்மை கஞ்சியை ஒரு வாய் குடித்தார்.

"நான் இழுத்தது உங்களுக்கு எப்போது தெரிந்தது?"

"நான் ஓய்ந்து உட்கார்ந்த பிறகு. அப்போதுதானே நீங்கள் கயிற்றடிக்கு வந்தீர்கள்?"

"இல்லை, ஐயா. நீங்கள் முதல் தடவை உதறியபோதே கயிறு என் கையில் இருந்தது. அப்போதிருந்தே இழுத்துக்கொண்டுதான் இருந்தேன்."