குரு நங்கூரம் போட்ட இடம்

குரு என்றதும் தாடியையும் மரத்தடியையும் தேட வேண்டாம். இவர் முக்கால் பேன்ட் போட்டவர். மூக்குக்கண்ணாடி தொலைந்துவிடாமலிருக்க அதில் கயிறு கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தார். பெயர் அமலதாஸ். மலேசியாவில் லுமுட்டிலிருந்து லங்காவித் தீவு வரை நடக்கும் பாய்மரப் படகுப் பேரணியில் ஆண்டு தவறாமல் கலந்துகொள்கிறவர். அதற்காக யாரும் ஒருவரைக் குருவாக்கிவிட மாட்டார்கள். அவர் அதிகம் பேசமாட்டார். அதுதான் காரணம்.

சீடர் ஜெகதீசன் குருவைவிடப் பத்து வயதாவது மூத்தவர். ஈப்போவில் டைல்ஸ் கடை வைத்திருந்தார். ஈப்போவில் கடல் கிடையாது. இருந்தும் கடையை விற்றுப் படகு வாங்கினார். மனைவி லோகாம்பாளைக் கேட்டுவிட்டுத்தான் வாங்கினாரா என்று யாரும் கேட்க வேண்டாம்.

சீடர் குருவை மாஸ்டர் என்பார். குரு சீடரை அண்ணே என்பார்.

பேரணி தொடங்கிய மறுநாள் குரு தன் படகின் இடப்பக்கக் கம்பியில் ஒரு மஞ்சள் துண்டைக் கட்டினார். பார்த்துவிட்டு ஜெகதீசனும் ஒரு மஞ்சள் துணி கட்டினார். மதியத்துக்குள் பாதிப் படகுகளில் மஞ்சள் துணி. பக்கத்துப் படகுப் பிரெஞ்சுக்காரர் தன் மனைவியின் பாவாடையைக் கட்டியிருந்தார். சாயந்திரம் துண்டு காய்ந்ததும் குரு அதை உருவிக்கொண்டு குளிக்கப் போனார்.

அன்றைக்குக் காற்று அடித்துப் படகு சாய்ந்ததில், லோகாம்பாள் வைத்த மீன் குழம்பு முழுவதும் படுக்கைக்குப் போய்ச் சேர்ந்தது. அவள் மெத்தையைத் துடைத்தாள். கையைக் கழுவினாள். பிறகு தன் துணிகளை ஒரு பையில் அடுக்கினாள்.

"ஏங்க, இன்னொரு தடவை இந்தப் படகு சாஞ்சா நான் இறங்கிடுவேன்."

"பாய்மரப் படகுன்னா சாயத்தான் செய்யும், லோகா."

"அப்ப நீங்க சாஞ்சுக்கிட்டே போங்க. ஈப்போவுக்கு பஸ் இல்லாத ஊரு இந்தப் பேராக் மாநிலத்துல கிடையாது."

"போயிட்டு எப்ப வருவ?"

"வீட்டுக்குப் போறவளப் பார்த்து எப்ப வருவன்னு கேக்குறீங்க."

கல்யாணமான நாளிலிருந்து லோகாம்பாள் அவரைச் சும்மா பயமுறுத்தியதே இல்லை. சொன்னதைச் செய்துதான் பழக்கம். இது ஜெகதீசனுக்குத் தெரியும். அன்றிலிருந்து அவருக்குச் சோறு சரியாக இறங்கவில்லை.

வழியில் ஓரிடத்தில் பேரணிக்காரர்களுக்கு ஊர்ப் பெரியவர்கள் விருந்து வைத்தார்கள். ஓர் அதிகாரி நீளமாகப் பேசினார். கோழி ஆறிக்கொண்டிருந்தது. ஜெகதீசன் குருவின் பக்கத்து நாற்காலிக்கு நகர்ந்தார்.

"மாஸ்டர், ஒரு சந்தேகம். எல்லார் படகும் ஆடுது. உங்க படகு மட்டும் அசையாம நிக்குது. நங்கூரம் போட நல்ல இடம் எதுன்னு உங்களுக்கு எப்படித் தெரியுது?"

"தெரியாது, அண்ணே. போட்ட பிறகுதான் தெரியும்."

ஜெகதீசனுக்குக் கண் கலங்கிவிட்டது. மனைவியிடம் வந்தார்.

"எவ்வளவு அடக்கம் பாத்தியா? தெரியாதுங்கிறார்."

"தெரியாதுன்னா தெரியாதுன்னுதான் அர்த்தம்."

"உனக்கு அதெல்லாம் புரியாது."

"கோழி புரியுது. இன்னும் ரெண்டு துண்டு போட்டுக்கிட்டு வாங்க."

ஜெகதீசன் ஒரு முடிவுக்கு வந்தார். இனிமேல் குரு நங்கூரம் போடுகிற இடத்தில்தான் தானும் போடுவது. படகு அசையாது. லோகா போகமாட்டாள்.

மறுநாள் காலை வயர்லெஸ்ஸில் குருவின் குரல் வந்தது. "கரையோரமா எனக்கு ஒரு வேலை இருக்கு. நீங்க எல்லாம் பினாங்குக்குப் போங்க. நான் பின்னால வர்றேன்."

சொல்லிவிட்டு அவர் வலப்பக்கம் திரும்பி, சேற்றில் வேர் ஊன்றிய கண்டல் மரங்கள் அடர்ந்த ஒரு வளைகுடாவுக்குள் போனார்.

ஜெகதீசனும் வலப்பக்கம் திருப்பினார்.

"நம்மளப் போகச் சொன்னாரே," என்றாள் லோகாம்பாள்.

"சோதிக்கிறார். போன்னதும் போயிடறவன் என்ன சீடன்?"

"சொன்ன பேச்சைக் கேக்குறவன்."

உள்ளே போகப் போகத் தண்ணீர் தேநீர் நிறத்துக்கு மாறியது. ஆழம் காட்டும் மெஷின் முதலில் மெதுவாகக் கத்தியது. பிறகு விடாமல் கத்தியது.

"ஏங்க, மெஷின் கத்துது."

"மெஷினுக்கு என்ன தெரியும்? முன்னால யாரு போறாங்க பாரு."

"அவரு படகுக்கு ரெண்டு அடிப்பாகம். ரெண்டும் தட்டையா இருக்கு. நம்மதுக்கு அடியில கத்தி மாதிரி ஒண்ணு நீட்டிக்கிட்டு இருக்கே?"

ஜெகதீசன் மெஷினை அணைத்தார்.

குருவின் பின்னால் ஜெகதீசன் போனார். ஜெகதீசன் பின்னால் பிரெஞ்சுக்காரர் போனார். அவர் பின்னால் மற்றவர்கள், தைப்பூசத்துக்குப் பத்துமலை ஏறுகிறவர்கள் மாதிரி, முன்னால் போகிறவரின் முதுகைப் பார்த்துக்கொண்டே போனார்கள். எல்லோரும் குருவைச் சுற்றி நங்கூரம் போட்டார்கள். தண்ணீர் கண்ணாடி மாதிரி இருந்தது. ஒரு படகும் அசையவில்லை.

"பாத்தியா?" என்றார் ஜெகதீசன்.

லோகாம்பாள் பார்த்தாள். கழுவிய டம்ளரைத் தட்டில் கவிழ்த்து வைத்தாள். அது நின்றது. பையைக் கட்டிலுக்கு அடியில் கொஞ்சம் உள்ளே தள்ளினாள். ஜெகதீசனுக்கு அது போதும்.

குரு தன் படகுக்குள் போனவர் வெளியே வரவில்லை. ஜெகதீசன் வயர்லெஸ்ஸை எடுத்து, மாஸ்டர் தியானத்தில் இருக்கிறார், யாரும் சத்தம் போட வேண்டாம் என்று ஆங்கிலத்தில் அறிவித்தார். இன்னொரு படகிலிருந்த ஆஸ்திரேலியர்கள் பாட்டை நிறுத்தினார்கள். பிரெஞ்சுக்காரர் மனைவியோடு போட்டுக்கொண்டிருந்த சண்டையைக் கிசுகிசுப்பாகத் தொடர்ந்தார்.

மதியத்துக்கு மேல் கடல் உள்வாங்கி, தண்ணீர் இறங்கத் தொடங்கியது.

முதலில் டம்ளர் உருண்டது. பிறகு தட்டு. சுவரில் மாட்டியிருந்த முருகன் படம் சுவரைவிட்டு விலகி அந்தரத்தில் தொங்கியது. படகின் அடியிலிருந்து ஒரு முனகல் கேட்டது. ஒரு எருமை படுக்கிற மாதிரி, அவசரமில்லாமல், படகு பக்கவாட்டில் சாய்ந்து படுத்தது.

ஜெகதீசன் தலையை நீட்டிப் பார்த்தார். பேரணி மொத்தமும் சேற்றில் படுத்திருந்தது. பாய்மரங்கள் ஆளுக்கொரு திசையைக் காட்டின. குருவின் படகு மட்டும் நடுவில், நாற்காலி போட்டு உட்கார்ந்த மாதிரி நேராக நின்றது.

லோகாம்பாள் கத்தவில்லை. தரையில் நிற்க முடியாததால் சுவரில் நின்று காப்பி போட்டாள். குடித்தாள். கட்டிலுக்கடியில் கை விட்டாள்.

அவளிடம் பேசுவதற்கு முன்னால் குருவிடம் பேசிவிடலாம் என்று ஜெகதீசன் படகிலிருந்து குதித்தார். முழங்கால் வரை உள்ளே போனது. ஒவ்வொரு காலாகப் பிடுங்கிப் பிடுங்கி வைத்துக் குருவின் படகுக்குப் போய்ச் சேர்ந்தார்.

குரு ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு, படகின் அடியில் ஒட்டிய சிப்பியையும் பாசியையும் ஒரு தகட்டால் சுரண்டிக்கொண்டிருந்தார்.

"வாங்க, அண்ணே. என்ன, எல்லாரும் இங்க இருக்கீங்க?"

"உங்க பின்னாலதான் வந்தோம், மாஸ்டர்."

"நான் இதைச் சுரண்ட வந்தேன். தண்ணி வடிஞ்சாத்தான் அடிய சுரண்ட முடியும். அதான் போகச் சொன்னேனே."

"சொன்னீங்க. நாங்க நங்கூரம் போடறப்பவாவது தடுத்திருக்கலாமே?"

"தூங்கிட்டேன், அண்ணே."

"தியானம்னு நினைச்சேன்."

"குறட்டை கேக்கலையா?"

"கேட்டுச்சு."

"கேட்டுட்டு என்ன நினைச்சீங்க?"

"ஓங்காரம்னு."

குரு இன்னொரு தகட்டை எடுத்து அவர் கையில் கொடுத்தார். ஜெகதீசன் வாங்கிக்கொண்டு குருவின் படகையே சுரண்ட ஆரம்பித்தார்.

லோகாம்பாள் பையைத் தலையில் வைத்துக்கொண்டு, புடவையை ஏற்றிச் செருகியபடி வந்தாள். புருஷன் அங்கே இருப்பதாகவே காட்டிக்கொள்ளவில்லை.

"தம்பி, ஈப்போவுக்குப் போகணும், தைப்பிங் பஸ் எங்க நிக்கும்?"

"அந்த மீனவர் வீடுகளைத் தாண்டினா மெயின் ரோடு, அக்கா. பார்த்துப் போங்க, சேறு அதிகம்."

"தண்ணி எப்ப திரும்ப ஏறும்?"

"பொழுது சாஞ்ச பிறகு."

"நல்லது. அதுக்குள்ள தைப்பிங் போயிடுவேன்."

அவள் கரையைப் பார்த்து நடந்தாள். பை ஆடவில்லை. சேறு ஒவ்வொரு அடிக்கும் சத்தம் போட்டது. படுத்துக்கிடந்த படகுகளிலிருந்து பேரணி முழுக்க அதை எட்டிப் பார்த்தது.

"அக்கா எதுக்குப் போறாங்க?"

"இன்னொரு தடவை படகு சாஞ்சா போயிடுவேன்னு சொன்னா. சாஞ்சிடுச்சு."

"ரொம்பவா?"

"சுவத்துல நின்னுதான் காப்பி போட்டா."

"பரவாயில்லையே. காப்பி போட்டுத் தந்தாங்களா?"

"தரல. அவளே குடிச்சா."

குரு பெருமூச்சு விட்டார். இரண்டு பேரும் சுரண்டினார்கள். சிப்பிகள் பொலபொலவென்று உதிர்ந்தன. லோகாம்பாள் சின்னதாகிக்கொண்டே போனாள். கண்டல் வேர்களுக்குப் பக்கத்தில் ஒரு தடவை நின்றாள். காலைப் பிடுங்க நின்றாளோ, வேறு எதற்கு நின்றாளோ, இங்கிருந்து தெரியவில்லை. திரும்பிப் பார்க்கவில்லை.

ஜெகதீசனின் கை நின்றது.

"மாஸ்டர், நான் என்ன செய்யட்டும்? பின்னாலயே போய்க் கூப்பிடவா? கூப்பிட்டா இன்னும் கோபம் ஏறுமா? விட்டா ரெண்டு நாள்ல தணிஞ்சு தானா வந்துடுவாளா? நீங்க சொல்லுங்க. நீங்க எப்படிச் செய்வீங்களோ, நானும் அப்படியே செய்றேன்."

குரு சுரண்டுவதை நிறுத்தவில்லை.

"என் சம்சாரம் பையோட இறங்கினப்ப நான் கூப்பிடலை, அண்ணே. தானா வருவான்னு படகைச் சுரண்டிக்கிட்டு உக்காந்திருந்தேன்."

"எப்ப வந்தாங்க?"

"இதோ, இன்னும் சுரண்டிக்கிட்டுத்தான் இருக்கேன்."

ஜெகதீசன் தகட்டைக் கீழே போட்டுவிட்டு லோகாம்பாள் போன பக்கம் ஓடினார். முழங்கால் சேற்றில் ஓடுவது எப்படி என்று அவர் யாரையும் கேட்கவில்லை.